பிளஸ் டூவிலிருந்து ராணுவ அதிகாரி: என்டிஏ சேர்க்கைக்கு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முடித்தவர்களும் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்களும் இந்திய முப்படைகளில் அதிகாரியாகச் சேர என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இங்கே பேசப்படுவது. வரிசையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து முயல்பவர்களில் பலர் முதலில் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுகிறார்கள், பிறகு வயதைப் பார்க்கிறார்கள், கடைசியில் கண்ணைச் சோதிக்கிறார்கள். இதைத் தலைகீழாக்கினாலே பாதி ஏமாற்றம் தவிரும்: முதலில் தேதி, அடுத்து உடல், அதற்குப் பிறகுதான் புத்தகம்.

1. எந்த வாசல் உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்

அதிகாரியாகச் சேர்வதும் வீரராகச் சேர்வதும் வேறு வேறு பாதைகள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான படிவத்தை நிரப்புபவர்கள் ஏராளம்.

*என்டிஏ.* புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி. இதற்கு யுபிஎஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 400 இடங்கள். தரைப்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். கடற்படை, விமானப்படை, எழிமலை கடற்படை அகாடமி ஆகியவற்றுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். 2021 முதல் பெண்களும் எழுதலாம்; அவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு.

*டிஇஎஸ்.* தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவு. இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், அந்த ஆண்டின் ஜேஇஇ மெயின் (பொறியியல் நுழைவுத் தேர்வு) எழுதியிருக்க வேண்டும். திருமணமாகாத ஆண்களுக்கு மட்டும். யுபிஎஸ்சி தேர்வு கிடையாது. நேராக எஸ்எஸ்பி, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் நேர்காணல்தான். பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற பிறகே விண்ணப்பிக்க முடியும்.

*கடற்படையின் பி.டெக் நுழைவு.* அதே மூன்று பாடங்களில் 70 சதவீதம், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம், கூடவே ஜேஇஇ மெயின் ரேங்க். ஆண், பெண் இருவருக்கும் உண்டு. படிப்பு கேரளத்தின் எழிமலையில், நான்கு ஆண்டுகள்.

*மருத்துவப் பக்கம்.* புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் (ஏஎஃப்எம்சி) எம்பிபிஎஸ், ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி நர்சிங் (பெண்களுக்கு) ஆகிய இரண்டுக்கும் நீட் எழுத வேண்டும்.

*அக்னிவீர்.* இது வீரர் பணி. நான்கு ஆண்டு, முதலாண்டு மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 வரை, அதில் 30 சதவீதம் சேவா நிதிக்கு (பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் தொகை) பிடித்தம். முடிவில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். முதலில் கணினித் தேர்வு, பிறகு உடல்திறனைச் சோதிக்கும் ரேலி. என்டிஏவுக்கு வயது இருக்கும்போதே "கிடைத்ததைப் பிடிப்போம்" என்று இதில் சேர்ந்தால் அதிகாரிப் பாதை தள்ளிப்போகும். சேர்வதானால் தெரிந்து சேருங்கள்.

இரண்டு தவறான நம்பிக்கைகளை இப்போதே விட்டுவிடுங்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பட்டதாரிகளுக்கானது. பிளஸ் டூ முடித்தவுடன் அங்கே சேர முடியாது. அதேபோல என்சிசி 'சி' சான்றிதழ் வைத்துத் தேர்வின்றி எஸ்எஸ்பிக்குப் போகும் வழியும் பட்டப்படிப்புக்குப் பிறகுதான். என்சிசி நேர்காணலில் பேச நல்ல அனுபவம் தரும், என்டிஏ எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு தராது.

2. பிறந்த தேதியை வைத்து வாய்ப்புகளை எண்ணுங்கள்

என்டிஏவுக்குப் படிப்பு தொடங்கும் நாளில் ஏறத்தாழ பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வேறு வரம்பு இல்லை. வயது மட்டுமே வரம்பு. எஸ்சி, எஸ்டி, பிசி என யாருக்கும் வயதுச் சலுகையோ இடஒதுக்கீடோ இதில் கிடையாது. மாநில அரசுத் தேர்வுகளைப் பார்த்துப் பழகிய வீடுகளில் "நமக்கு மூன்று வருஷம் கூடுதலாக இருக்கும்" என்று நினைத்துக் கடைசி வாய்ப்பைத் தவறவிடுவது நடக்கிறது.

ஏப்ரலில் நடப்பது என்டிஏ-1; அதில் தேர்வானவர்கள் அடுத்த ஜனவரியில் சேர்வார்கள். செப்டம்பரில் நடப்பது என்டிஏ-2. சேர்வது அடுத்த ஜூலையில். அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும்.

2008 நவம்பரில் பிறந்து 2025-26இல் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கும்போதே 2025 செப்டம்பர் தேர்வை எழுதலாம். அடுத்து 2026 ஏப்ரல், 2026 செப்டம்பர், 2027 ஏப்ரல். 2027 செப்டம்பருக்கு வயது கடந்துவிடும். ஆக நான்கு வாய்ப்புகள். பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவருக்கு இதில் ஒன்று தானாகவே போய்விடுகிறது.

பிளஸ் ஒன் படிப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதுபவர்கள், அறிவிப்பில் சொல்லும் தேதிக்குள் தேர்ச்சிச் சான்றைக் கொடுக்க வேண்டும். ஒரு பாடம் போய்த் துணைத்தேர்வுக்குக் காத்திருந்தால் அந்தத் தேதி தாண்டிவிடும். எஸ்எஸ்பியில் தேர்வாகியும் பயனில்லை. பள்ளிப் பாடத்தைக் கைவிட்டு என்டிஏவுக்கு மட்டும் படிப்பது இதனால்தான் ஆபத்து.

3. கோச்சிங்குக்கு முன் உடலைச் சோதியுங்கள்

ஒரு கண் மருத்துவர், ஒரு பொது மருத்துவர், ஒரு பல் மருத்துவர் போதும். கேட்க வேண்டியவை இவை:

நிறக்குருடு இருக்கிறதா? இருந்தால் பயிற்சியாலோ சிகிச்சையாலோ மாறாது. இதைப் பதினைந்து வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பார்வை எவ்வளவு? தரைப்படைக்கு ஓரளவு கிட்டப்பார்வை ஏற்கப்படும். விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமலே ஒரு கண் 6/6, மற்றது 6/9 வேண்டும். கிட்டப்பார்வை அறவே கூடாது. கண்ணாடியைத் தவிர்க்க அவசரப்பட்டு லேசர் சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். என்டிஏ வயதில் செய்த லேசிக் தகுதியிழப்புக்கே வழிவகுக்கும்.

உயரம்: ஆண்களுக்கு 157 செ.மீ., பெண்களுக்கு 152 செ.மீ. பறக்கும் பிரிவுக்கு 162.5 செ.மீ.; அதோடு கால் நீளம், உட்கார்ந்த உயரம் தனியாக அளக்கப்படும்.

தட்டைப்பாதம், முட்டி ஒட்டுதல், கையை நீட்டும்போது முழங்கை வெளிப்பக்கம் அதிகம் வளைதல், மூக்குத் தண்டு வளைவு, குடலிறக்கம், செவிப்பறையில் பழைய ஓட்டை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் சில அறுவைச் சிகிச்சையில் சரியாகும், ஆனால் ஆற மாதங்கள் பிடிக்கும். எஸ்எஸ்பி முடிந்தபின் தெரிய வந்தால் அந்த மாதங்கள் கையில் இருக்காது.

பச்சை குத்துவதைத் தள்ளிப்போடுங்கள். முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறெங்கும் நிரந்தரமாகப் பச்சை குத்தியிருந்தால் சிக்கல்.

4. சான்றிதழ்களில் பெயரை ஒன்றாக்குங்கள்

நம் ஊரின் தனிப் பிரச்சினை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் கே", ஆதாரில் "கார்த்திக் குமரேசன்", வங்கியில் "கே.கார்த்திக்". இனிஷியல் முறை தெரியாத அலுவலருக்கு இவர்கள் மூன்று பேர்.

பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை. ஆதாரையும் மற்றவற்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். சான்றிதழிலேயே பிழை இருந்தால் பள்ளி மூலம் திருத்த மனு கொடுக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். அம்மா, அப்பா பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் இப்போதே பாருங்கள். பிளஸ் ஒன் கோடை விடுமுறைதான் இந்த வேலைக்குச் சரியான நேரம்.

5. விண்ணப்பம்

யுபிஎஸ்சியின் இணையவழித் தளத்தில் ஒரு முறை பதிவு செய்துகொண்டு, பிறகு அந்தத் தேர்வுக்கான படிவத்தை நிரப்ப வேண்டும். கட்டணம் 100 ரூபாய். எஸ்சி, எஸ்டி, பெண்களுக்கு இல்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தேர்வு மையம். மதுரை போன்ற ஊர்களில் இடம் நிரம்பினால் வேறு ஊரைத்தான் எடுக்க வேண்டிவரும். அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே நிரப்புங்கள்.

இரண்டாவது, புகைப்படம். விண்ணப்பத்தில் தாடியோடும் தேர்வறையில் மழித்த முகத்தோடும் நிற்காதீர்கள். எல்லா நிலைகளிலும் தோற்றம் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: படைகளின் விருப்ப வரிசை. விமானப்படை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டால், விட்ட பிரிவுகளுக்கு நீங்கள் பரிசீலிக்கப்பட மாட்டீர்கள். மருத்துவத்தில் பறக்கும் பிரிவுக்குத் தகுதி இழந்தவர், தரைப்படையை எழுதியிருந்தால் அங்கே போயிருக்கலாம். போகவே மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த பிரிவைத் தவிர எல்லாவற்றையும் வரிசையில் வையுங்கள். இணையமையத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்லி நிரப்பினால் இந்த இடத்தில்தான் தவறு நேரும். நீங்களே நிரப்புங்கள்.

6. எழுத்துத் தேர்வு: 900 மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

ஒரே நாளில் இரு தாள்கள், தலா இரண்டரை மணி நேரம். கணிதம் 120 கேள்வி, 300 மதிப்பெண். பொதுத் திறன் தாள் 150 கேள்வி, 600 மதிப்பெண். அதில் ஆங்கிலம் 200, பொது அறிவு 400. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும்.

சமீப ஆண்டுகளில் எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் 900க்கு 300ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. கணிதத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஈடுகட்டலாம் என்ற திட்டம் அங்கேதான் உடைகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். கணிதத்தில் 50 சரி, 15 தவறு என்றால் 125இலிருந்து 12.5 போய் 112.5 வரும். பொதுத் திறனில் 75 சரி, 30 தவறு என்றால் 300இலிருந்து 40 போய் 260. மொத்தம் 372.5. அதாவது கணிதத்தில் ஏறத்தாழ பாதிக் கேள்விகளைத் தொடாமலே வசதியாகத் தாண்டலாம். தெரிந்ததைப் பிழையின்றிப் போடுவதுதான் இங்கே தேவை. எல்லாக் கேள்வியையும் தொட்டே ஆக வேண்டும் என்று பள்ளியில் பழகிய மாணவர்களுக்கு மைனஸ் மார்க்கின் வலி மாதிரித் தேர்விலேயே புரிந்துவிட வேண்டும்.

பொது அறிவின் 400இல் இயற்பியல், வேதியியல், பொது அறிவியல் மட்டுமே 200. வரலாறும் புவியியலும் தலா 80. நடப்பு நிகழ்வு வெறும் 40. தினமும் இரண்டு மணி நேரம் செய்தித்தாளில் கழித்துவிட்டு ஒன்பதாம், பத்தாம் வகுப்பு அறிவியலைத் திரும்பிப் பார்க்காதவர்கள் 40க்காக 200ஐ இழக்கிறார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் கணிதச் சொற்களின் ஆங்கிலப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் விடுவதைப் போல வீணானது வேறில்லை. கால்குலேட்டர் கிடையாது, பெருக்கல், வர்க்கமூலம் கையில் ஓட வேண்டும். முந்தைய வினாத்தாள்கள் யுபிஎஸ்சி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கடைசி ஐந்தாண்டுத் தாள்களை நேரம் வைத்துப் போட்டால், எந்தப் பாடத்தில் மதிப்பெண் இருக்கிறது என்பது தானே தெரியும்.

7. முடிவு வந்த இரண்டு வாரங்கள்

எழுத்துத் தேர்வு முடிவில் உங்கள் எண் இருந்தால் கொண்டாட்டத்துக்கு முன் ஒரு வேலை: தரைப்படையின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். கடிதம் வீட்டுக்கு வரும் என்று காத்திருந்து வாய்ப்பைத் தொலைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். யுபிஎஸ்சிக்குக் கொடுத்த அதே மின்னஞ்சலைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதற்குள் கல்லூரியில் சேர்ந்திருந்தால், அசல் சான்றிதழ்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். எஸ்எஸ்பிக்கு அசல் தேவை. சேரும்போதே "நேர்காணலுக்குச் சில நாள் அசல் வேண்டிவரும்" என்று எழுத்தில் கேட்டுவையுங்கள். இன்னும் பள்ளியில் இருப்பவர்கள் தலைமையாசிரியரிடம் போனஃபைட் சான்று (அங்கே படிக்கிறார் என்பதற்கான சான்று) வாங்க வேண்டும்.

8. எஸ்எஸ்பி: ஐந்து நாள், இன்னொரு 900 மதிப்பெண்

நம் பக்கத்தவர்களுக்கு அருகில் உள்ளவை பெங்களூரு (தரைப்படை), மைசூரு (விமானப்படை). ஆனால் போபாலுக்கோ பிரயாக்ராஜுக்கோ கூட அழைப்பு வரலாம். அதே வகை நுழைவுக்கு முதல் முறை போகும்போது மூன்றடுக்கு ஏசி ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

*முதல் நாள், ஸ்கிரீனிங்.* பகுத்தறிவுக் கேள்விகள் ஒரு பகுதி. மற்றது படம். மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் அதிலுள்ளவர்களின் எண்ணிக்கை, வயது, ஆணா பெண்ணா, மனநிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நான்கு நிமிடத்தில் கதை. பிறகு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தம் கதையைச் சொல்லி, பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். அன்றே பெரும்பகுதியினர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

இங்கே நம் மாணவர்கள் விழுவது எழுத்தில் அல்ல, பேச்சில். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, "மரியாதைக்கு" வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டு முறையாவது தெளிவாகப் பேசுங்கள், ஒரு முறையாவது இன்னொருவர் சொன்னதை எடுத்து மேலே கொண்டு போங்கள். விவாதம் இந்திக்குத் தாவினால் பதறாமல் எளிய ஆங்கிலத்தில் தொடருங்கள். ஆங்கிலத்தின் அழகுக்கு மதிப்பெண் இல்லை. மற்றவருக்குப் புரிந்தால் போதும்.

*இரண்டாம் நாள், உளவியல்.* பன்னிரண்டு கதைகள், கடைசிப் படம் வெற்றுத் தாள். பதினைந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். முப்பது நிமிடத்தில் அறுபது சூழ்நிலைகள். கடைசியில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் குறிப்பு.

சொல் தேர்வில் பழமொழி எழுதாதீர்கள். "தோல்வி" என்றதும் "தோல்வியே வெற்றியின் முதல் படி" என்று நூறு பேர் எழுதுவார்கள். அதில் உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. "தோற்ற அணி மறுநாள் காலை ஐந்து மணிக்கே மைதானத்துக்கு வந்தது" என்பதில் ஒரு செயல் இருக்கிறது. கதைகளுக்கும் அதுவே விதி: நாயகன் என்ன பார்த்தான், என்ன திட்டமிட்டான், யாரைச் சேர்த்துக்கொண்டான், எப்படி முடித்தான். எல்லாக் கதையிலும் விபத்து நடந்து ரத்தம் கொடுத்துக் காப்பாற்றினால் அது மனப்பாடம் என்பது படிப்பவருக்கு உடனே தெரியும்.

*மூன்றாம், நான்காம் நாள், மைதானம்.* குழு விவாதம், திட்டமிடல், பலகை-கயிறு-உருளை கொண்டு தடை தாண்டுதல், பாம்பு ஓட்டம் (பாம்பு போன்ற கனத்த சுமையைத் தூக்கிக்கொண்டு குழுவாகத் தடை தாண்டும் போட்டி), மூன்று நிமிடப் பேச்சு, தனிநபர் தடைகள், தலைமைப் பணி. திட்டமிடலில் எழுதியதை அப்படியே பேசுங்கள். எழுதியது ஒன்று, பேசுவது ஒன்று என்றால் அங்கேயே கோட்டை விடுகிறீர்கள். தடையில் யோசனை சொல்பவர் மட்டும் போதாது, பலகையின் மறுமுனையைப் பிடிப்பவரையும் அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார்.

*நேர்காணல்* ஏதோ ஒரு நாள் வரும். அங்கே நிரப்பும் பிஐக்யூ என்னும் தன்விவரப் படிவம்தான் கேள்விகளின் ஊற்று. "வாசிப்பு" என்று பொழுதுபோக்கு எழுதினால் கடைசியாக வாசித்ததை விவரிக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், பிடித்த ஆசிரியர், நண்பர்கள், அப்பாவின் வேலை, வீட்டில் யாரிடம் நெருக்கம் என்று ஏழெட்டுக் கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பார்கள். வரிசையாகச் சொல்லுங்கள், ஒன்று மறந்தால் கேட்டுவிட்டுத் தொடருங்கள். அப்பா கூலி வேலை என்றால் அப்படியே சொல்லுங்கள். மறைப்பதற்கு அதில் எதுவும் இல்லை, மறைப்பதுதான் தவறாகப் படும்.

*ஐந்தாம் நாள்* கான்ஃபரன்ஸ். எல்லா மதிப்பீட்டாளர்கள் முன்பும் சில நிமிடம். அன்றே முடிவு.

பறக்கும் பிரிவு கேட்டவர்களுக்குக் கணினி வழி விமானித் தேர்வு தனியாக உண்டு. வாழ்நாளில் ஒரே வாய்ப்புதான். தவறினால் அந்தப் பிரிவு நிரந்தரமாக மூடப்படும். காய்ச்சலோடு போய் உட்காராதீர்கள்.

9. மருத்துவம்

பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு உடனடியாக ராணுவ மருத்துவமனையில் பரிசோதனை தொடங்கிச் சில நாள் நீளும். ஆகவே எஸ்எஸ்பிக்குப் பையைக் கட்டும்போதே கூடுதலாக ஒரு வாரத்துக்கு உடை எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் டிக்கெட்டை ஐந்தாம் நாளுக்குப் போடாதீர்கள்.

முதல் சுற்றில் பலருக்கு ஏதாவது ஒரு குறை எழுதப்படும்: காதில் அழுக்கு, எடை அதிகம், ரத்தசோகை, சொத்தைப் பல். இது முடிவல்ல. மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போவதாக அங்கேயே எழுதிக் கொடுத்து, குறித்த நாளுக்குள் சரிசெய்துகொண்டு போகலாம். எழுதிக் கொடுக்காமல் ஊருக்குத் திரும்புவதுதான் பெரிய பிழை. காதைச் சுத்தம் செய்வதும் பல்லை அடைப்பதும் எஸ்எஸ்பிக்கு முன்பே முடிக்கக்கூடிய வேலைகள்.

10. மெரிட் லிஸ்ட் வரும்வரை, பிறகு சேரும்வரை

எழுத்துத் தேர்வும் எஸ்எஸ்பியும் சேர்த்து 1800. சமீப ஆண்டுகளில் இறுதி கட்-ஆஃப் 650 முதல் 675 வரை. எஸ்எஸ்பியில் பரிந்துரை கிடைத்தாலும் எழுத்தில் கட்-ஆஃபை மட்டும் தொட்டு வந்தவர்கள் இங்கே வெளியே நிற்கிறார்கள். எழுத்தில் 372.5 எடுத்தவருக்கும் 305 எடுத்தவருக்கும் உள்ள இடைவெளி வேலை செய்வது இந்தப் பட்டியலில்தான்.

காத்திருக்கும் மாதங்களில் கல்லூரியைத் தொடருங்கள், அடுத்த என்டிஏவுக்கும் வயது இருந்தால் விண்ணப்பித்துவிடுங்கள். உடலை விடாதீர்கள்: 2.4 கி.மீ. ஓட்டம் 15 நிமிடத்துக்குள், தண்டால், சிட்-அப் தலா 20, சின்-அப் 8, கயிற்றில் மூன்று நான்கு மீட்டர் ஏறுதல். சேரும் முன் இந்த அளவுக்கு வந்துவிடச் சொல்கிறார்கள். நீச்சல் தெரியாதவர்கள் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

பயிற்சி, தங்குமிடம், உணவு அனைத்தும் அரசுச் செலவு. சேரும்போது உடை, கைச்செலவு வகையில் பெற்றோர் ஒரு தொகை கட்ட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை உண்டு, அதற்கு வருமானச் சான்று வேண்டும். தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். கடக்வாஸ்லாவில் மூன்றாண்டு, முடிவில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் (ஜேஎன்யு) பட்டம். பிறகு தரைப்படையினர் டேராடூனுக்கும் கடற்படையினர் எழிமலைக்கும் விமானப்படையினர் ஹைதராபாத் அருகே துண்டிகலுக்கும் போவார்கள். சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். இதற்கான பத்திரத்தில் பெற்றோரும் கையெழுத்திடுவார்கள். கையெழுத்திடும் முன் அவர்களோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.